ப்ளை மாளிகையில் பேய் இருந்ததா, இல்லையா?

நிலவறை:

ஹென்றி ஜேம்ஸ் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' குறுநாவலை நேற்றிரவு மூன்றாம் முறையாகப் படித்து முடித்தேன். முதல் முறை அதைப் பேய்க்கதையாகத்தான் படித்தேன். இந்த முறை அதில் பேயே இல்லை என்று தோன்றிவிட்டது. மறுப்பவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று தெரியும். அவர்களோடு பேசத்தான் இந்த இழை.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன், முடிவோடு சேர்த்து. இருபது வயதுப் பெண், ஏழைப் பாதிரியாரின் கடைசி மகள். கதை முழுக்க அவளுக்குப் பெயர் கிடையாது. லண்டன் ஹார்லி ஸ்ட்ரீட்டில் ஒரு பணக்காரர் அவளை வேலைக்கு எடுக்கிறார். அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் இந்தியாவில் இறந்துபோக, பிள்ளைகள் இருவரும் அவர் பொறுப்புக்கு வந்திருக்கிறார்கள். மைல்ஸுக்குப் பத்து வயது, ஃப்ளோராவுக்கு எட்டு. எஸ்ஸெக்ஸில் ப்ளை என்ற பழைய மாளிகையில் வீட்டு ஆசிரியையாகத் தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: என்ன நடந்தாலும் எனக்கு எழுதக் கூடாது, என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது.

போன கொஞ்ச நாளில் கோபுரத்தின் மேல் ஒருவன் நிற்பதைப் பார்க்கிறாள். அது பீட்டர் க்வின்ட், எஜமானின் பணியாள், ஆனால் அவன் செத்துவிட்டான் என்று வீட்டைக் கவனித்துக்கொள்ளும் திருமதி க்ரோஸ் பிறகு சொல்கிறாள். அப்புறம் ஏரிக்கு அக்கரையில் கறுப்பு உடையில் ஒரு பெண். அது இவளுக்கு முன்னால் வேலை பார்த்த மிஸ் ஜெஸ்ஸல், அவளும் செத்தவள். இருவரும் பிள்ளைகளைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று இவள் முடிவு செய்கிறாள். கடைசியில் ஃப்ளோரா காய்ச்சலோடு ஊரைவிட்டுப் போகிறாள். மைல்ஸ் இவள் கையிலேயே உயிரை விடுகிறான்.

இனி என் வாதம். பேயைப் பார்த்ததாகத் தன் வாயால் சொல்வது இவள் ஒருத்திதான். கோபுரக் காட்சிக்கு ஒரு நிமிடம் முன்னால் அவள் மனதில் என்ன ஓடியது என்று பாருங்கள். பாதை திரும்பும் இடத்தில் யாராவது வந்து நின்று, தன்னைப் பார்த்துச் சிரித்து, நன்றாகச் செய்கிறாய் என்று பாராட்ட மாட்டார்களா என்று நினைத்துக்கொண்டே நடக்கிறாள். அந்த 'யாராவது' எஜமான்தான். நிமிர்ந்து பார்க்கிறாள், ஆள் நிற்கிறான்.

ஏரிக் காட்சி இன்னும் மோசம். ஃப்ளோரா ஒரு மரத்துண்டில் இருந்த ஓட்டைக்குள் குச்சியைச் செருகிப் படகு செய்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். முதுகு தண்ணீர்ப் பக்கம். சத்தம் போடாமல் மும்முரமாக இருக்கிறாள். ஆசிரியை இதிலிருந்து எடுக்கும் முடிவு என்ன? குழந்தைக்குப் பேய் தெரிந்துவிட்டது, தெரியாதது போல நடிக்கிறாள்! பார்க்காமல் இருந்ததே பார்த்ததற்கு ஆதாரமாகிவிடுகிறது. இப்படி ஒரு கணக்குப் போடுபவரிடம் எந்தக் குழந்தையாவது தப்பிக்க முடியுமா?

செம்மண்:

நிலவறை தம்பி, நீங்கள் சொல்வது புதிதல்ல. எட்னா கென்டன் என்ற விமர்சகர் 1924இல் இந்தத் திசையில் எழுதினார். இன்னொரு விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934இல் இதையே பெரிய வாதமாக்கினார். அடக்கி வைத்த ஆசையால் மனம் பிறழ்ந்த பெண், பேய்கள் அவளுடைய பிரமை என்றார். அதற்குப் பிறகு வந்த வாசகர்கள் பலர் அந்தக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆசிரியை பார்த்தது பிரமை என்றால் திருமதி க்ரோஸ் அவனை எப்படி அடையாளம் கண்டாள்? வருணனையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தலையில் தொப்பி இல்லை. செக்கச் செவேலென்று சுருண்ட முடி. நீண்டு வெளுத்த முகம், அந்த முடியைப் போலவே சிவந்த சின்னக் கிருதா. போட்டிருந்த உடை அவனுடையதாகத் தெரியவில்லை, வேறு யாருடையதோ. நாடக நடிகனைப் போன்ற தோற்றம், கனவான் நிச்சயமாக இல்லை. இதைக் கேட்டதும் திருமதி க்ரோஸ் 'க்வின்ட்!' என்கிறாள். எஜமானின் சட்டைகளைப் போட்டுக்கொண்டு திரிந்தவன் அவன்.

அப்படி ஒருவன் இருந்தான் என்பதே ஆசிரியைக்குத் தெரியாது. தெரியாத ஒருவனின் தலைமுடி நிறத்தைப் பிரமை எங்கிருந்து கொண்டுவரும்? 1947இல் வால்டாக் என்ற விமர்சகர் வில்சனிடம் கேட்டது இதைத்தான். அதே வருடம் ஜேம்ஸின் குறிப்பேடுகள் அச்சில் வந்தன. 1895 ஜனவரி 12ஆம் தேதிக் குறிப்பு அதில் இருக்கிறது. காண்டர்பரி ஆர்ச்பிஷப் பென்சன் சொன்ன கதை என்று ஜேம்ஸ் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார்: கெட்ட வேலைக்காரர்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள், செத்துப்போகிறார்கள், பிறகு ஆவியாக வந்து பிள்ளைகளை அழைக்கிறார்கள். பிரமை பிடித்த ஆசிரியை அந்த விதையில் இல்லை. வில்சனே அதற்குப் பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார்.

கடைசிப்பக்கம்:

செம்மண் ஐயா, அதே வில்சன் 1959இல் மறுபடியும் தன் பழைய இடத்துக்கே திரும்பினார். அதற்குக் காரணமானது 1957இல் ஜான் சில்வர் எழுதிய ஒரு சிறு கட்டுரை. அடையாளம் காட்டும் அந்தக் காட்சியிலேயே ஆசிரியை ஒரு வார்த்தையை விடுகிறாள். அவன் இந்தப் பக்கத்து ஆள் இல்லை, உங்களிடம் சொல்லவில்லை, ஆனால் நான் உறுதி செய்துகொண்டேன் என்கிறாள். எப்படி உறுதி செய்தாள்? யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்ட இடத்தில் அவளுக்கு என்னென்ன சொல்லியிருப்பார்கள்? அது நமக்குக் காட்டப்படவில்லை.

இன்னொன்று, இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். கோபுரத்துக்கு முன்பே, இரண்டாம் அத்தியாயத்தில், பழைய ஆசிரியையைப் பற்றிப் பேச்சு வருகிறது. அவளும் இளமையாக, அழகாக இருந்தாள் என்கிறாள் திருமதி க்ரோஸ். அவருக்கு அப்படிப்பட்டவர்களைத்தான் பிடிக்கும் போல என்கிறாள் இவள். 'ஆமாம், அவனுக்கு எல்லாரும் அப்படித்தான் இருக்க வேண்டும்' என்று சொல்லிவிட்டு, சட்டென்று 'எஜமானைச் சொன்னேன்' என்று திருத்துகிறாள் க்ரோஸ். முதலில் யாரைச் சொன்னீர்கள் என்று இவள் உடனே பிடித்துக் கேட்கிறாள். ஆக, அந்த வீட்டில் இன்னொரு ஆண் இருந்திருக்கிறான், பெண்கள் விஷயத்தில் மோசமானவன் என்பது கோபுரத்தில் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே இவள் காதில் விழுந்துவிட்டது.

செம்மண்:

அந்த நாக்குப் பிசகு எனக்கும் தெரியும், ரசிக்கும் இடம். ஆனால் அதில் செம்பட்டை முடி இல்லையே. 'உறுதி செய்துகொண்டேன்' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு, கதையில் எழுதப்படாத ஒரு விசாரணையை நீங்கள் எழுதுகிறீர்கள். எழுதப்படாததை நிரப்பலாம் என்றால் நானும் நிரப்புவேன்: பிள்ளைகள் இருவரும் தினமும் க்வின்டோடு பேசினார்கள் என்பேன். மறுக்க முடியுமா உங்களால்?

இரவுவண்டி:

நான் போன வாரம்தான் படித்தேன். ஒரு சந்தேகம். தொடக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு கணப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்கிறார்களே, அந்தப் பகுதி எதற்கு? கடைசியில் அந்த ஆட்கள் திரும்பி வரவே இல்லை. என் பிரதியில் பக்கம் விட்டுப்போய்விட்டதோ என்று தேடிப் பார்த்தேன்.

கடைசிப்பக்கம்:

பக்கம் விட்டுப்போகவில்லை, ஜேம்ஸ் அந்தக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போகிறார்.

அடுக்குகளைப் பாருங்கள். ஆசிரியை பல வருடம் கழித்துத் தன் கதையை எழுதுகிறாள். சாவதற்கு முன் அதைத் தனக்குத் தெரிந்த டக்ளஸ் என்பவரிடம் கொடுக்கிறாள். அவள் செத்து இருபது வருடம் கழித்து, பூட்டிய இழுப்பறையில் கிடந்ததை வரவழைத்து டக்ளஸ் அந்தக் கணப்பைச் சுற்றி இருந்த நண்பர்களுக்குப் படித்துக் காட்டுகிறார். பின்னாளில் அந்த நண்பர்களில் ஒருவர் எடுத்த நகல்தான் நம் கையில் இருப்பது. அதாவது ஒரு மனுஷியின் ஞாபகம் மூன்று கை மாறி வருகிறது, சரிபார்க்க ஒருவரும் உயிரோடு இல்லை.

பழைய மாளிகையும் மர்மமும் திகிலும் கலந்த கோதிக் கதைகளின் வழக்கம் இது. ஹொரேஸ் வால்போல் 'தி காஸில் ஆஃப் ஒட்ரான்டோ'வின் முதல் பதிப்பை 1764இல் வெளியிட்டபோது, பழைய இத்தாலியப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு என்றே சொன்னார். அடுத்த பதிப்பில்தான் தான் எழுதியது என்று ஒப்புக்கொண்டார். பிறகு ஆன் ராட்க்ளிஃப் வந்தார். 1794இல் வந்த 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ'வில் நம்மைப் பயமுறுத்திய எல்லாவற்றுக்கும் கடைசியில் இயல்பான காரணம் கொடுத்துவிடுவார். ஆக, வாசகருக்கு இரண்டு வழிகள் பழகியிருந்தன. பேய் உண்டு என்ற கதை, பேய் போலத் தோன்றியது என்ற கதை. ஜேம்ஸ் 1898இல் இரண்டு வழிகளையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து, எது சரி என்று சொல்லாமல் முடித்துவிட்டார். ஆசிரியையும் இந்தக் கதைகளைப் படித்தவள்தான். ப்ளையில் உடால்ஃபோ மாதிரி ரகசியம் இருக்குமோ, ஒளித்து வைத்த பைத்தியக்கார உறவினர் யாராவது இருப்பார்களோ என்று அவளே கேட்டுக்கொள்கிறாள். அந்த இரண்டாவது கேள்வியில் 1847இல் வந்த 'ஜேன் எயர்' தெரிகிறது, அதன் நாயகியும் இவளைப் போல ஒரு வீட்டு ஆசிரியைதான்.

இந்த உத்திக்கு ஜேம்ஸுக்கு முன்னோடிகளும் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது லெ ஃபானுவின் 'கிரீன் டீ', 1869. ஒரு பாதிரியாரைச் சிவந்த கண்ணுள்ள ஒரு சின்னக் கறுப்புக் குரங்கு விடாமல் பின்தொடர்கிறது. பச்சைத் தேநீரை அதிகம் குடித்ததால் உள்கண் திறந்துவிட்டது என்கிறார் மருத்துவர். பாதிரியார் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தபின், நான் இன்னும் சிகிச்சையையே தொடங்கவில்லை, தொடங்கியிருந்தால் குணப்படுத்தியிருப்பேன் என்று அதே மருத்துவர் எழுதுகிறார். அந்த இடத்தில்தான் எனக்கு முதுகு சில்லிட்டது. குரங்கை நம்புவதா என்பது போய், இந்த மருத்துவரை நம்புவதா என்ற கேள்வி வந்துவிடுகிறது.

பவளமல்லி:

எல்லோரும் புத்தகத்தையும் விமர்சகர்களையும் வைத்துப் பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் மலையில் ஒரு பெரிய வீட்டில் தங்கி, இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. பெற்றோர் வெளிநாட்டில். சின்ன விஷயத்துக்கெல்லாம் போன் செய்ய வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. எது சின்ன விஷயம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு இரவு சின்னவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. போன் செய்யலாமா, செய்தால் வேலை போய்விடுமா, செய்யாமல் ஏதாவது ஆகிவிட்டால் என்று கையைப் பிசைந்துகொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த மாதிரி இரவுகளில் மாடியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்கும். இன்றைக்கும் அது என்ன என்று எனக்குத் தெரியாது. சமையல் பார்த்த அம்மாவிடம் கேட்டால், தலையை ஆட்டுவார், பேச்சை மாற்றிவிடுவார். அந்தத் தலையாட்டலுக்கு நான் எத்தனை அர்த்தம் கொடுத்தேன் தெரியுமா!

அதனால் வில்சன் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பெண் பயந்தாள் என்றதும் அடக்கிய ஆசை என்று நோட்டீஸ் ஒட்டிவிடுகிறார். அவள் தலையில் என்ன பொறுப்பு ஏற்றப்பட்டிருக்கிறது என்பது அவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மைல்ஸை இனி பள்ளியில் வைத்துக்கொள்ள முடியாது என்று தலைமையாசிரியரிடமிருந்து கடிதம் வருகிறது. நம் ஊர் மொழியில் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடிதத்தைப் பெரியப்பா உறைகூடப் பிரிக்காமல் இவளுக்கு அனுப்புகிறார், அந்த ஆள் ஒரு அறுவை, நீயே படித்துச் சமாளி, எனக்கு எதுவும் சொல்லாதே என்று ஒரு குறிப்போடு. இருபது வயதுப் பெண்ணுக்கு! திருமதி க்ரோஸுக்கோ படிக்கத் தெரியாது. அந்த வீட்டில் அவள் யாரிடம் யோசனை கேட்பாள்?

பேய் இருந்ததா இல்லையா என்பதற்கு முன்னால், அந்தப் பெரியப்பா ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.

நிலவறை:

பவளமல்லி அக்கா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுதாமல் இருந்தேன். நீங்கள் சொல்லும் தனிமையை என் முதல் பதிவில் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவள் பைத்தியம் என்று நான் சொல்லவில்லை, சொன்னது போலத் தொனித்திருந்தால் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் நீங்கள் சொன்னதிலேயே ஒன்று இருக்கிறது. மாடிச் சத்தம் என்ன என்று இன்றைக்கும் தெரியாது என்கிறீர்கள். 'தெரியாது' என்று உங்களால் நிறுத்திக்கொள்ள முடிந்தது. அவளால் முடியவில்லை. சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு வெளியே க்வின்ட் நின்ற அந்த நொடியிலேயே, இவன் எனக்காக வரவில்லை, வேறு யாரையோ தேடி வந்திருக்கிறான் என்று அவளுக்குத் 'தெரிந்துவிடுகிறது'. யாரும் சொல்லவில்லை, அவன் வாய் திறக்கவில்லை. கண்டது ஒரு முகம், தெரிந்துகொண்டது ஒரு முழுக்கதை.

1908இல் தன் நூல்களின் திருத்திய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் ஜேம்ஸே இதைத் தொடுகிறார். விசித்திரமான அனுபவங்களைப் பற்றிய அவளுடைய பதிவு தெளிவாக இருக்க வேண்டும், அவற்றுக்கு அவள் தரும் விளக்கம் வேறு விஷயம் என்கிற பொருளில் எழுதுகிறார். நான் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வித்தியாசத்தைத்தான். அவள் பொய் சொல்லவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறாள். பார்த்ததற்குக் கொடுத்த அர்த்தம்தான் பிள்ளைகளின் கழுத்தை நெரிக்கிறது.

அதே ஜன்னல் காட்சியில் அப்புறம் என்ன நடக்கிறது? அவள் வெளியே ஓடுகிறாள். ஆள் இல்லை. அவன் நின்ற அதே இடத்தில் போய் நின்று, அவனைப் போலவே உள்ளே பார்க்கிறாள். அந்த நேரம் அறைக்குள் வந்த திருமதி க்ரோஸ் இவளைப் பார்த்து வெளிறிப்போய் நிற்கிறாள். ஆசிரியைக்கு ஆச்சரியம், க்ரோஸ் ஏன் பயப்பட வேண்டும் என்று. பின்னால் மாடிப்படியின் கீழ்ப்படியில் சோர்ந்து உட்கார்ந்துவிட்டு, மிஸ் ஜெஸ்ஸல் குனிந்து உட்கார்ந்திருந்த இடம் இதுதானே என்று துள்ளி எழுகிறாள். பேய்கள் நின்ற இடத்திலெல்லாம் இவளும் ஒரு தடவை நிற்கிறாள். ஜேம்ஸ் இதைத் தற்செயலாகச் செய்திருக்க மாட்டார்.

செம்மண்:

நல்ல இடம் காட்டினீர்கள். ஆனால் இதையெல்லாம் நமக்குச் சொன்னது யார்? அவளேதான். க்ரோஸ் என்னைப் பார்த்து மிரண்டாள் என்று எழுதியது அவள். ஏரிக்கரையில் இரண்டாம் முறை ஜெஸ்ஸலைச் சுட்டிக்காட்டியபோது க்ரோஸுக்கு எதுவும் தெரியவில்லை என்று எழுதியதும் அவள். எனக்கு யாரும் தெரியவில்லை, நீ கொடுமைக்காரி என்று ஃப்ளோரா கத்தியதையும் மறைக்காமல் எழுதுகிறாள். தன் பக்கத்தை மட்டும் நிரூபிக்க நினைப்பவள் இவற்றை விட்டுவிட்டிருப்பாள். இத்தனை நேர்மையான சாட்சியை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அந்தச் சண்டைக்கு அடுத்த நாள் என்ன ஆகிறது? இரவு முழுதும் ஃப்ளோரா பேசிய பேச்சைக் கேட்ட திருமதி க்ரோஸ், அந்த வயதுக் குழந்தை வாயில் வரக்கூடாத வார்த்தைகள், எங்கே கற்றாளோ என்று நடுங்கிப்போய்ச் சொல்கிறாள். தன் கண்ணால் எதையும் பார்க்காதவள், காதால் கேட்டபின் நம்புகிறாள். இது ஆசிரியையின் விளக்கம் இல்லை, வேறொருத்தியின் அனுபவம்.

டக்ளஸை மறந்துவிடாதீர்கள். மைல்ஸ் இறந்து பல வருடம் கழித்து அவர் தங்கையின் ஆசிரியையாக அவள் இருந்திருக்கிறாள். அந்த வேலையில் இருந்தவர்களில் அவளைப் போல இனிமையானவளை நான் பார்த்ததில்லை என்கிறார். ஒரு குழந்தையைத் தன் பிரமையால் கொன்றவள் அதற்குப் பிறகு அமைதியாகப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பாளா?

ஜேம்ஸின் முன்னுரையை நீங்கள் எடுத்ததால் நானும் எடுக்கிறேன். க்வின்டும் ஜெஸ்ஸலும் இந்தக் காலத்து ஆவிகள் இல்லை, பழைய சூனிய வழக்குகளில் வரும் குட்டிச்சாத்தான்கள், பிசாசுகள் மாதிரி என்கிறார். 1882இல் லண்டனில் ஆவி ஆராய்ச்சிச் சங்கம் தொடங்கி, பார்த்தவர்களின் சாட்சியங்களைத் திரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய அண்ணன் வில்லியம் ஜேம்ஸே அந்தச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். அந்தச் சாட்சியங்களில் வரும் ஆவிகள் சும்மா வந்து நின்றுவிட்டுப் போகும். தம்பிக்கு அது போதவில்லை, கெடுதல் செய்யும் பேய் வேண்டும் என்று நினைத்தார். இல்லாத பேய்க்கு இவ்வளவு யோசிப்பாரா?

இரவுவண்டி:

இரண்டு பக்கமும் சரி என்று படுகிறதே. டோடரோவ் என்ற விமர்சகர் 1970இல், பேயா பிரமையா என்று வாசகர் தீர்மானிக்க முடியாமல் தயங்கும் அந்த நேரம்தான் இந்த வகைக் கதையின் உயிர் என்று எழுதியிருக்கிறார். அப்படியே விட்டுவிடலாமே?

செம்மண்:

விட்டுவிட முடியாது தம்பி. தயக்கம் வாசகருக்கு இன்பமாக இருக்கலாம். மைல்ஸுக்கு அப்படி இல்லை. பேய் உண்டு என்றால் அவனைக் காப்பாற்ற ஒருத்தி போராடித் தோற்றாள். பேய் இல்லை என்றால் அவனைக் காப்பாற்ற வேண்டியவளே அவனைக் கொன்றாள். நடுவில் நிற்க எனக்கு இடம் தெரியவில்லை.

நிலவறை:

இந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க செம்மண் ஐயா பக்கம். இரண்டும் சரி என்று சொல்லி நகர்வது கதையைப் படிக்காமல் மூடி வைப்பது போலத்தான்.

பள்ளியில் என்ன செய்தான் என்று கடைசி அத்தியாயத்தில் அவனைத் துருவித் துருவிக் கேட்கிறாள். அவன் சொல்லும் பதில் எவ்வளவு சின்னது! சிலரிடம் சில வார்த்தைகள் சொன்னேன், எனக்குப் பிடித்தவர்களிடம்தான் சொன்னேன், அவர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்கிறான். அதைக் கேட்டதும் அவளுக்கு ஒரு நொடி தலை சுற்றுகிறது. இவன் குற்றமற்றவன் என்றால், அப்புறம் நான் யார்? இந்தக் கேள்வி அவள் மனதில் வருகிறது. அவளே எழுதுகிறாள். ஐயா சொன்ன நேர்மை இதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியோடு அவள் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. உடனே ஜன்னலில் க்வின்ட் வந்துவிடுகிறான். அவன் வந்ததும் கேள்வி போய்விடுகிறது. அவளுக்கு அந்த நொடியில் பேய் தேவைப்பட்டது.

செம்மண்:

தேவைப்படும் நேரத்தில் வந்ததாலேயே அது பொய் ஆகிவிடாது. பிள்ளை வாயைத் திறக்கப் போகிறான் என்று தெரிந்ததும் அவன் வாயை அடைக்கத்தான் க்வின்ட் வந்தான் என்று நான் படிக்கிறேன். ஆனாலும் 'நான் யார்' என்ற வரியை இத்தனை வருடம் நான் வேகமாகத் தாண்டியிருக்கிறேன். இன்று நின்று படித்தேன். அந்த வரி என்னையும் உலுக்கியது, மறைக்கவில்லை.

கடைசிப்பக்கம்:

இன்னொரு கோணம், சுருக்கமாக. டக்ளஸ் ஆசிரியையைவிடப் பத்து வயது சின்னவர். மைல்ஸும் அவளைவிடப் பத்து வயது சின்னவன். அதனால் டக்ளஸ்தான் மைல்ஸ், அவன் சாகவே இல்லை, சாவு மட்டும் கற்பனை என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஆனால் பத்து வயது என்ற அந்தக் கணக்கை ஜேம்ஸ் கவனிக்காமல் போட்டார் என்றும் சொல்ல முடியவில்லை.

கதையை மேடைக்கும் திரைக்கும் கொண்டுபோனவர்களுக்கும் இதே சங்கடம்தான். பெஞ்சமின் பிரிட்டன் 1954இல் வெனிஸில் இதை ஓபராவாக அரங்கேற்றியபோது க்வின்டும் ஜெஸ்ஸலும் வாய் திறந்து பாடினார்கள். புத்தகத்தில் அவர்கள் நம் காது கேட்க ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பாட்டு வந்ததும் சந்தேகம் குறைந்துவிடுகிறது. 1961இல் ஜாக் கிளேட்டன் எடுத்த 'தி இன்னசன்ட்ஸ்' படத்தில் பேய்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் அதற்கு முன்பே ஆசிரியையாக நடித்த டெபோரா கெர்ரின் முகம் மாறுவதை நாம் பார்த்துவிடுகிறோம். அதனால் அங்கே சந்தேகம் பிழைத்திருக்கிறது.

பவளமல்லி:

ஒரு உதவி வேண்டும். இந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்து கடைசிப் பக்கத்தை மட்டும் தமிழில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடங்களில் மாட்டிக்கொண்டேன்.

முதல் இடம். அவன் யார் என்று சொல் என்று அவள் கேட்க, மைல்ஸ் 'பீட்டர் க்வின்ட், பிசாசே!' என்கிறான். யாரைப் பிசாசு என்கிறான்? க்வின்டையா, பெயரைச் சொல்லும்வரை விடாத அவளையா? தமிழில் 'பிசாசே' என்று விளியாகவே வைத்தால் இரண்டு அர்த்தமும் நிற்கிறது. 'அந்தப் பிசாசு' என்று எழுதினால் செம்மண் ஐயா ஜெயிப்பார், 'நீதான் பிசாசு' என்று எழுதினால் நிலவறை ஜெயிப்பார். நான் விளியாகவே விட்டுவிட்டேன். அடுத்து அவன் 'எங்கே?' என்று கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்க்கிறான். அவனுக்குத் தெரிவது ஜன்னலும் அமைதியான பகலும்தான்.

இரண்டாவது இடம் கடைசி வாக்கியம். அமைதியான அந்தப் பகலில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம், அவனுடைய சின்ன இதயம் நின்றுவிட்டது என்கிறாள். அந்த இதயத்துக்கு ஜேம்ஸ் போடும் அடைமொழி 'டிஸ்பொசஸ்ட்'. பேய் ஓட்டப்பட்ட என்றும் எடுக்கலாம், இருந்ததைப் பறிகொடுத்த என்றும் எடுக்கலாம். ஒரே சொல்லில் இரண்டும் வர வேண்டும்.

செம்மண்:

'பேய் நீங்கிய' என்று போடுங்கள் அம்மா. ஆங்கிலத்தில் அதுதான் முதலில் காதில் விழும் அர்த்தம்.

நிலவறை:

அப்படிப் போட்டால் பேய் இருந்தது என்று நாமே தீர்ப்பு எழுதியதாகிவிடும். 'வெறுமையான' என்று போட்டால்?

பவளமல்லி:

'வெறுமை' ரொம்ப மெலிந்துவிடுகிறது. அதில் பேய் சுத்தமாகப் போய்விடும்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது, சரியா என்று சொல்லுங்கள். அந்த வாக்கியத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவன் ஓலமிட்டு விழப் போனபோது, அவனைப் பிடித்தேன், ஆமாம், பிடித்து வைத்துக்கொண்டேன் என்று அழுத்தி எழுதுகிறாள். ஒரு நிமிடம் போன பிறகுதான் தான் பிடித்திருப்பது என்ன என்று அவளுக்குப் புரியத் தொடங்குகிறது. நம் மொழியில் பேயும் 'பிடிக்கும்', கையும் 'பிடிக்கும்'. அதனால் 'பிடி விட்டுப்போன அவனுடைய சின்ன இதயம் நின்றிருந்தது' என்று எழுதியிருக்கிறேன். யாருடைய பிடி என்று சொல்லவில்லை.

செம்மண்:

'பிடி விட்டுப்போன'. சத்தமாகப் படித்துப் பார்த்தேன். இதை மாற்றாதீர்கள். அந்த முழுப் பக்கத்தையும் இங்கே போட முடியுமா? நான் இன்னும் க்வின்ட் வந்தான் என்றுதான் நம்புகிறேன், ஆனால் உங்கள் தமிழில் அதை மறுபடி படித்துப் பார்க்க வேண்டும்.

பவளமல்லி:

போடுகிறேன் ஐயா. இன்றிரவு பிள்ளைகள் தூங்கியதும் தட்டச்சு செய்து நாளைக்குப் போடுகிறேன்.